கோடையும் கச்சானும்

வானிலை அறிக்கைக்குத் 'தென்மேற்குப் பருவக்காற்று' என்ற ஒரு பெயர் போதும். கொல்லத்திலும் தென்காசியிலும் பாம்பனிலும் மட்டக்களப்பிலும் ஆனி, ஆடியில் வீசுவது அதற்கு ஒரே காற்றுதான். ஊர்ப்பேச்சு அப்படி ஒப்புக்கொள்வதில்லை. கொல்லத்தில் மழையாய்க் கொட்டும் காற்று, தென்காசிப் பக்கம் சாரலாய்த் தூவுகிறது. இன்னும் கிழக்கே போனால் அம்மியைத் தூக்கும் வறட்டுக் காற்றாகிவிடுகிறது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதோடு, எதைக் கடந்து வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் நம்மவர்கள் காற்றுக்குப் பெயரிட்டார்கள்.

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பழந்தமிழின் இந்த நான்கும் காற்று புறப்படும் பக்கத்தைக் குறிப்பவை, போய்ச் சேரும் பக்கத்தை அல்ல. வாடைக்குள் 'வட' இருப்பதும் தென்றலுக்குள் 'தென்' இருப்பதும் கேட்டவுடனே விளங்கும். மற்ற இரண்டும் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள்; கோடை என்றால் வெயில்காலம் என்றும் பொருள். கீழ்காற்று மேகத்தோடு வருவதால் ஒரு சொல் இரண்டுக்கும் பொருந்தியது. மேல்காற்றும் வெயிலும் ஒரே பெயரில் கலந்தது எப்படி?

இதற்கு விடை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதாகவே நான் எண்ணுகிறேன். அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையேறும்போது குளிர்கிறது. ஈரம் மழையாகிக் கொட்டுகிறது. மலையாள நாட்டில் இதுதான் இடவப்பாதி. ஈரம் நீராய் மாறும்போது வெப்பம் வெளிப்படுவதால், ஏறும் காற்று முழு வேகத்தில் குளிர்வதில்லை. உச்சியைக் கடந்து கிழக்கே இறங்கும்போது தடுக்க ஈரம் இல்லை. ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. ஆக, ஏறியபோது இருந்ததைவிடச் சூடாகவும் உலர்ந்தும் சமவெளிக்கு வந்து சேர்கிறது. மலைக்கு மேற்கே இருப்பவருக்கு மேல்காற்று என்றால் மழை. கிழக்கே இருப்பவருக்கு அது வெக்கை. கோடை என்ற சொல்லைக் கேட்டாலே, அதை வழங்கியவர்கள் மலைக்கு எந்தப் பக்கம் நின்றார்கள் என்று தெரிகிறது.

தென்றலின் கதை வேறு. அதன் திசை தேய்ந்து மென்மை மட்டும் நின்றுவிட்டது. தென்றலுக்குப் பேர்போன ஊர் தென்காசி. அங்கே சாரல் காலத்துக் காற்று வருவதோ மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக. ஆனாலும் யாரும் அதைக் கோடை என்பதில்லை. கணவாய் தாழ்வானது, மலை முழுவதையும் ஏறி இறங்கி உலராமல், ஈரத்தோடேயே காற்று நுழைந்துவிடுகிறது. உடம்புக்கு இதமாக இருப்பதால் அது தென்றல்.

வாடையைச் சொல்ல நக்கீரரின் நெடுநல்வாடை இருக்கிறது. 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில், எனக்கு மிகவும் பிடித்த பகுதி வீட்டுப் பொருள்களைக் காட்டும் இடம். வேனிலில் விசிறிய வட்ட விசிறிகள் மடக்கப்பட்டுச் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. தென்றலை உள்ளே விடுவதற்கென்றே மேல்மாடத்தில் அமைத்த சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. எந்தக் காற்றுக்குத் திறப்பது, எந்தக் காற்றுக்கு அடைப்பது என்று கணக்கிட்டுக் கட்டிய வீடு அது. வீடு கட்டுபவருக்கும் காற்றின் பெயர் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இன்று தமிழ்நாட்டு நகரங்களில் வாடை என்றால் பெரும்பாலும் கருவாட்டு வாடைதான் நினைவுக்கு வருகிறது. கரையோரத்தில் அப்படியில்லை. யாழ்ப்பாணத்தில் வாடையும் சோளகமும் ஆண்டையே இரண்டாகப் பிரிக்கின்றன: மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, வைகாசிக்குப் பின் தெற்கு, தென்மேற்கிலிருந்து சோளகம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விதவிதமான பட்டங்களை மேலே தூக்குவது வாடைதான். செங்கை ஆழியான் தம் நாவலுக்கு வாடைக்காற்று என்று பெயர் வைத்ததும் இந்தப் பொருளில்தான்.

கடலோடிகளிடம் கோடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெயர் இருக்கிறது, கச்சான். பாம்பன், இராமேசுவரம் பக்கத்தில் கச்சான் எழுந்தால் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும். தீவின் மறுபுறம் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழாகும். ஒன்றை ஆண்கடல், மற்றதைப் பெண்கடல் என்று அழைக்கும் வழக்கும் அங்கே உண்டு. ஆக, பாம்பன் மீனவருக்குக் கச்சான் என்ற சொல், எந்தக் கரையில் வள்ளத்தை இறக்கலாம் என்பதற்கான விடை.

அதே சொல் இலங்கையின் கிழக்குக் கரையில் வேறொன்றாகிறது. தென்மேற்குக் காற்று அங்கே மத்திய மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, கோடை வருவது போலவே சூடேறி உலர்ந்து மட்டக்களப்பை அடைகிறது. கரையோர ஊர் ஒன்றில் பகலில் கடற்காற்று எழுந்து வெக்கையைத் தணிக்க வேண்டும். கச்சான் வீசும் நாளில் அதற்கு வழியில்லை. மலைப்பக்கத்துக் காற்று கடற்காற்றையே பின்னுக்குத் தள்ளுகிறது. வெப்பம் 38 பாகையை நெருங்கும். பாம்பனில் அலையைக் குறித்த பெயர், மட்டக்களப்பில் அனலைக் குறிக்கிறது. உலகின் வட்டாரக் காற்றுகளைத் தொகுக்கும் வானிலைச் சொற்பட்டியல்களில், மலையிறங்கிச் சுடும் காற்றுகளின் வரிசையில் இந்த மட்டக்களப்புக் காற்றும் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு அங்கே வேறு பெயர் தரப்படவில்லை. கச்சான் என்றே பதிந்திருக்கிறார்கள்.