கழிவுநீரைத் தெளியவைத்த களை

குட்டைகளில் ஊதாப் பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரையை நீங்கள் அறிவீர்கள். தென்னமெரிக்காவில் பிறந்த இச்செடி, அழகுக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆறுகளை அடைக்கும் களையாயிற்று.

1970களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிவியலாளர் பி.சி. வுல்வர்ட்டன் இக்களைக்கு வேலை கொடுத்தார். மிசிசிப்பி மாநிலத்தில் கழிவுநீர்க் குட்டைகளில் அதை வளர்த்தார். அடர்ந்த வேர்களில் அழுக்குத் துகள்கள் தங்கின. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்தன. நீரில் கரைந்திருந்த நைட்ரஜனையும் பாஸ்பரசையும் செடி உணவாக்கிக்கொண்டது. நீர் தெளிந்தது.

ஆனால், காலத்தில் அறுத்து அகற்றாவிட்டால் செடி அழுகி, உறிஞ்சியதை நீருக்கே திருப்பித் தரும். ஆகவே, ஆலைக் கழிவோடையில் செடியை விடுவோர், அதை அறுக்க ஆளையும் முதலிலேயே அமர்த்தவேண்டும்.