பிரிட்டனின் சேற்றுத்தட மலைச் சைக்கிள் ஓட்டம்

மலைச் சைக்கிள் ஓட்டம் என்பது காடு, குன்று, மேட்டுநிலம் ஆகியவற்றின் மண்தடங்களில், பிடிப்புமிக்க அகன்ற டயர் பூட்டிய சைக்கிளை ஓட்டும் விளையாட்டு. பிரிட்டனில் அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்று வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடமேற்கு இங்கிலாந்து மலைகளில் எல்லாப் பருவத்திலும் மழையாகப் பெய்கிறது. சைக்கிளில் எந்தப் பாகம் வேண்டும், தடம் எப்படி அமைய வேண்டும், எப்போது ஓட்டலாம் என்பதையெல்லாம் அங்கே முடிவு செய்வது அந்த மழைநீர்தான்.

வரலாறு

சாதாரண சைக்கிளில் மலைப்பாதைகளைக் கடக்க விரும்பியோர் 1955இல் ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்ற சங்கத்தைத் தொடங்கினர். இன்றைய மலைச் சைக்கிள் 1970களில் கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் உருவாகி, 1980களில் பிரிட்டனில் பரவியது. 1990களில் வட வேல்ஸின் கோயிட் எ ப்ரெனின் காட்டில், இவ்விளையாட்டுக்கென்றே அமைத்த நாட்டின் முதல் தட மையம் உருவானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம், 2002 முதல் உலகக் கோப்பைச் சரிவோட்டப் போட்டிகளால் புகழ்பெற்றது.

மண்ணும் பருவமும்

டார்ட்மூரின் கருங்கல் பருமணல் நீரை விரைவில் வடியவிடும். சவுத் டவுன்ஸின் சுண்ணப்பாறை, மேற்பரப்பு நனைந்தாலே வழுக்கும். களிமண் டயரில் அப்பி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்துக்கொள்ளும். பீக் மாவட்டத்தின் கரிச்சதுப்பு நீரைத் தேக்கி வைக்கும். ஒருமுறை கிழிபட்டால் ஆறப் பல ஆண்டுகள் ஆகும்.

இலையுதிர்காலத்தில் உதிர்ந்த இலைகள் வேர்களை மறைத்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. குளிர்காலத்தில் வெயில் குறைவு. மண் உலர்வதே அரிது. உறைபனி விழுந்த காலையில் தடம் கல்லாக இறுகியிருக்கும். நண்பகலில் மேலே ஒரு விரற்கடை அளவு மட்டும் இளகும். அடியில் இன்னும் உறைந்திருப்பதால் உருகிய நீர் கீழே இறங்க வழியில்லை. தடம் மிக எளிதில் சிதைவது இந்த வேளையில்தான். கோடையில் காய்ந்து இறுகிய களிமண்மீது திடீர் மழை பெய்தால், மேலே மெல்லிய வழுக்குப் படலம் படியும்.

சைக்கிள்

சேற்று டயரின் முட்கள் உயரமாகவும் இடைவெளிவிட்டும் அமைந்திருக்கும். உயரமான முள் சேற்றைத் துளைத்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பற்றுகிறது. சக்கரம் சுழலும்போது இடைவெளியில் ஒட்டிய சேறு தெறித்துப்போகிறது. காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் தரையில் கூடுதலாகப் படிந்து, வேரிலும் பாறையிலும் பிடிப்புத் தரும்.

பழைய ரிம் பிரேக்கில் சேறும் மணலும் சேர்ந்து கட்டையையும் ரிம்மையும் தேய்த்துவிடும். சேறு எளிதில் எட்டாதபடி சக்கரத்தின் நடுவே அமைந்த டிஸ்க் பிரேக், ஈர நாடுகளில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஈரத்தில் அந்த பிரேக்கின் பிசின் பட்டை விரைவில் தேயும். உலோகத்தூள் பட்டை நீடித்து உழைக்கும். ஓட்டி முடித்ததும் மென்மையாக நீர்விட்டுக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெயிட வேண்டும். அழுத்தம் மிகுந்த நீர்ப்பீச்சு பேரிங்குக்குள் நீரைச் செலுத்திவிடும்.

ஓட்டும் முறை

ஈரமான வேரைக் கடக்கும்போது சக்கரம் அதற்குக் குறுக்காக, நேராகச் செல்ல வேண்டும். வேரின்மீது இருக்கும் கணத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். ஏற்றத்தில் இருக்கையில் அமர்ந்தபடி சீராக மிதித்தால் பின்சக்கரம் வெறுமனே சுழலாது.

தட அமைப்பு

மழைநீர் தடத்தின் வழியே ஓடினால் அது வாய்க்கால் ஆகிவிடும். குறுக்கே கடந்து போனால் தடம் பிழைக்கும். எனவே தடத்தை மலைச்சரிவின் குறுக்கே வெட்டி, வெளிப்புறமாகச் சிறிது சாய்த்து அமைக்கின்றனர். தடத்தின் சரிவு மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது தடம் அமைப்போரின் அடிப்படை விதி. இடையிடையே சிறு ஏற்றங்கள் வைத்து நீரை வெளியேற்றுகின்றனர். கோயிட் எ ப்ரெனின் போன்ற மையங்களில் தடத்தின்மேல் கல் பாவியிருப்பதால், ஆண்டு முழுவதும் ஓட்ட முடிகிறது.

உரிமையும் பொறுப்பும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்ட அனுமதிக்கிறது. நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் வழிவிடுவது கட்டாயம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் அனைவருக்கும் பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமை தந்தது.

இந்த உரிமை நிலைப்பது ஓட்டுவோரின் கையில் இருக்கிறது. குட்டையைச் சுற்றிப்போகும் ஒவ்வொருவரும் தடத்தை அகலப்படுத்திப் புல்லை அழிக்கிறார். நடுவே ஓட்டுபவர் நனைவார், தடம் அப்படியே நிற்கும். மண் ஊறியிருக்கும் நாள்களில் இயற்கைத் தடங்களை விட்டுவிட்டுக் கல் பாவிய தடங்களுக்குச் செல்வதும், இலையடைத்த வடிகால்களைக் குளிர்காலத்துக்கு முன்பே தூர்வாருவதும் வேகத்துக்கு நிகரான தேர்ச்சியாக மதிக்கத்தக்கவை.