வெட்டாத வயர்

நாவலூர்ச் சாலையின் இருபுறமும் வயலாக இருந்த காலத்தில் கார் என்றால் கார்புரேட்டர்தான். 1967-லேயே போஷ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்‌ஷன் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்துவிட்டது. நம்மூர்ப் புதுக் கார்களில் அது பரவியது, 2001-ல் சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 2 புகை விதி வந்த சமயத்தில்தான்.

அந்தச் சமயத்துக் கார் என்னுடையது. சென்ற மாதம் அதற்கு வெளிக்கம்பெனி இன்ஜெக்டர் வாங்கினேன். சாக்கெட் பொருந்தவில்லை. “வயரை வெட்டி ஒட்டிடலாம் சார்” என்றார் மெக்கானிக் தம்பி. வேண்டாம் என்றேன். முறுக்கி ஒட்டிய வயரில் கடற்காற்று பட்டால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். நடுவே செருகும் சிறு அடாப்டர் போதும், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

அதற்குமுன் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். 12-16 ஓம் இருந்த இடத்தில் 2-3 ஓம் இன்ஜெக்டரை மாட்டினால் காரின் கம்ப்யூட்டரே கருகக்கூடும். அளந்தோம், சரியாக இருந்தது.

ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. காரின் வயராவது பிறந்தபடியே இருக்கிறது.