இருமுறை பிறந்த டட்சன்

சிறிய காரைக் குறைந்த விலைக்கு விற்றே பெயர் வாங்கிய ஜப்பானிய நிறுவனப் பெயர்களில் பழமையான ஒன்று டட்சன். 1930களில் ஜப்பானியத் தெருக்களில் ஓடத் தொடங்கி, 1970களில் அமெரிக்கா முதல் ஆப்பிரிக்கா வரை பரவிய பெயர் அது. 1980களில் அதற்கு உரிமையுடைய நிசான் நிறுவனமே அதைக் கைவிட்டது. 2014இல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான ஒரு காரின் மேல் அதே பெயர் மறுபடி ஏறியது; எட்டே ஆண்டுகளில் மறைந்தும் போனது.

1911இல் ஹாஷிமோட்டோ மசுஜிரோ என்ற பொறியாளர் டோக்கியோவில் க்வாய்ஷின்ஷா என்ற கார்ப் பட்டறையைத் தொடங்கினார். முதல் போட்டு உதவிய டென், அவோயாமா, டாக்கெயுச்சி ஆகிய மூவர் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து, 1914இல் அந்தப் பட்டறை செய்த காருக்கு ‘டாட்’ எனப் பெயரிட்டார்கள். வாங்கத்தான் ஆள் குறைவு. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஃபோர்டு யோகோஹாமாவிலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாகாவிலும் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்கத் தொடங்கியதும், உள்ளூர்ப் பட்டறைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ராணுவ மானியத்தை நம்பி லாரி செய்துகொடுத்து டாட் காலம் தள்ளியது. 1926இல் ஒசாகாவில் இருந்த இன்னொரு வண்டி நிறுவனத்தோடு இணைந்தது. அந்த ஒசாகா நிறுவனத்துக்கு மூன்று சக்கர வண்டியை வடிவமைத்துத் தந்தவர் வில்லியம் கோர்ஹாம் என்ற அமெரிக்கப் பொறியாளர். பின்னாளில் ஜப்பானியக் குடியுரிமையே பெற்ற அவருடைய உழைப்பு, டட்சன் வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் போதிய இடம் தராத ஒன்று.

சிறிய காருக்கு வழி திறந்தது ஒரு சட்டத் திருத்தம். 500 சிசிக்கு உட்பட்ட எஞ்சின் கொண்ட வண்டியை ஓட்டுநர் உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்று 1930இல் ஜப்பானிய அரசு விதியைத் தளர்த்தியது. பெரிய அமெரிக்கக் கார்கள் எட்டிப்பார்க்காத இடம் இது. 1931இல் டாட் நிறுவனம் 495 சிசி எஞ்சினோடு ஒரு சிறு காரைச் செய்து, டாட்டின் மகன் என்று பொருள்பட ‘டாட்சன்’ என்றது. ஆங்கிலத்தில் மகனைக் குறிக்கும் அந்த ஒலி ஜப்பானிய மொழியில் நஷ்டத்தைக் குறிக்கும் என்பதால், மறு ஆண்டே எழுத்தைச் சற்று மாற்றி, ஆங்கிலத்தில் சூரியனைக் குறிக்கும் ‘சன்’ ஆக்கிவிட்டார்கள்; பெயர் டட்சன் ஆனது. அதே காலத்தில் நிறுவனம் ஐக்காவா யோஷிஸுகே என்ற தொழிலதிபரின் கைக்கு வந்தது. அவர் 1933 டிசம்பரில் யோகோஹாமாவில் தொடங்கிய நிறுவனமே 1934இல் நிசான் மோட்டார் ஆனது. 1935இல் அங்கே நகரும் பட்டையில் ஒன்றன்பின் ஒன்றாக டட்சன் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிரிட்டனின் ஆஸ்டின் செவன் காரின் சாயல் அதில் இருந்ததால், ஹெர்பர்ட் ஆஸ்டின் ஒரு டட்சனை வரவழைத்துப் பிரித்தே பார்த்தார், வழக்குத் தொடுக்கவில்லை. போர் நெருங்கியபோது தொழிற்சாலை ராணுவ லாரிகளுக்குத் திரும்பியது. மக்கள் கார் நின்றுபோனது.

போருக்குப் பின் 1947இல் தயாரிப்பு மீண்டும் தொடங்கியபோது ஜப்பானில் சொந்தக் கார் வாங்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. டட்சனை அதிகம் வாங்கியவர்கள் டாக்சிக்காரர்கள். தார் காணாத சாலைகளில் நாள் முழுக்க ஓட வேண்டிய வண்டி என்பதால், லாரிக்குப் போடுவதுபோல் கனத்த சட்டத்தின்மேல் அதைக் கட்டினார்கள். சொகுசு குறைவு, ஆனால் உடையாது. எஞ்சின் நுட்பத்தை நிசான் கற்றது வேறு வழியில். 1952இல் ஆஸ்டினோடு உடன்படிக்கை செய்து, ஏ40, ஏ50 கார்களை ஜப்பானில் பூட்டியது. முன்பு பிரித்துப் பார்த்த நிறுவனமே இப்போது ஆசிரியராக வந்தது. அந்தப் பயிற்சியில் தேறிய 1,000 சிசி எஞ்சினோடு 1957இல் வந்த டட்சன் 210, அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றும் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் மொபில்கேஸ் பந்தயத்தில் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. அணியை வழிநடத்தியவர் யுதாகா கதாயாமா.

அமெரிக்காவில் டட்சனை நிலைநிறுத்தியவரும் அவர்தான். 1958இல் அங்கே போய் இறங்கிய 210, அகன்ற நெடுஞ்சாலைகளில் திணறியது. வேகம் பிடிக்க நேரமானது, பிரேக் போதவில்லை, குளிர்காலக் காலையில் எஞ்சின் எழ மறுத்தது. 1960இல் அனுப்பப்பட்ட கதாயாமா, இந்தக் குறைகளை மறைக்காமல் டோக்கியோவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். இடைப்பட்ட காலத்தில் கைகொடுத்தது கார் அல்ல, சிறிய பிக்-அப் வண்டி. கலிபோர்னியாவின் தோட்டக்காரர்களும் சிறு விவசாயிகளும் அதை விரும்பி வாங்கினார்கள். அடங்கிய உருவம், குறைந்த பெட்ரோல் செலவு, எதையும் தாங்கும் அடிச்சட்டம்: டோக்கியோ டாக்சிக்காக உருவான குணங்களே அங்கும் விற்பனைக்கு உதவின.

1967இல் வந்த 510 (ஜப்பானில் ப்ளூபேர்ட்) டட்சன் வரலாற்றின் உச்சம் என்று தயங்காமல் சொல்லலாம். 1,600 சிசி எஞ்சின் வேண்டும் என்று கதாயாமா அடம்பிடித்துப் பெற்ற கார் இது. பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக அசையும் அமைப்பு, அந்தக் காலத்தில் பெரும்பாலும் விலை கூடிய ஐரோப்பியக் கார்களில் கிடைத்தது. 510இல் அது 2,000 டாலருக்கும் குறைவான விலையில் கிடைத்தது. 1971, 1972 ஆகிய இரு ஆண்டுகளும் அமெரிக்க ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தின் சிறு எஞ்சின் பிரிவில் பீட்டர் ப்ராக்கின் அணி இதே காரோடு வென்றது. 1969இல் அறிமுகமான 240இசட் விளையாட்டுக் கார், டட்சன் என்றாலே மலிவு வண்டி என்ற எண்ணத்தை மாற்றியது. ஆப்பிரிக்காவில் பெயர் வளர்ந்தது வேறு களத்தில். புழுதியும் சேறும் நிறைந்த கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1970இல் டட்சன் வென்றது. உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளி ஓட்டுநர் சேகர் மேத்தா 1973இலும், பின்பு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்றார். ஐந்து முறையும் அவர் ஓட்டியது நிசான் தயாரித்த கார்களே.

1973 எண்ணெய் நெருக்கடி, சிறிய கார் வைத்திருந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வாசலைத் திறந்தது. சன்னி வரிசையில் வந்த 1200, பி210, 120ஒய் ஆகியவை அப்போது விற்றுத் தீர்ந்தன. அவற்றை வாங்கியவர்களின் அனுபவம் நாட்டுக்கு நாடு பெரிதும் ஒத்துப்போகிறது. சாவியைத் திருப்பினால் வண்டி எழும், மைலேஜ் கொடுக்கும், பழுதாகி வழியில் நிறுத்தாது. பிரிட்டிஷ் கார் வாங்கியவர் ரேடியோவுக்கும் பின்கண்ணாடியைச் சூடாக்கும் வசதிக்கும் தனிப்பணம் கட்டிய காலத்தில், டட்சனில் அவை விலைக்குள்ளேயே அடங்கியிருந்தன. மலிவான காரை வாங்கியவருக்குத் தாம் ஏமாறவில்லை என்ற நிறைவைத் தந்தது இந்தத் தாராளம்தான். டட்சனின் முதல் வாழ்வை இரண்டாம் வாழ்விலிருந்து பிரித்துக் காட்டுவதும் இதுவே.

குறை சொன்னவர்கள் எல்லாரும் சொன்னது துரு. தகரம் மெல்லியது, அடிப்பாகப் பூச்சு போதாது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் சக்கர வளைவுகளும் கதவின் அடிவிளிம்பும் சில ஆண்டுகளிலேயே அரித்துப்போயின. எஞ்சின் உயிரோடு இருக்க, உடல் உதிர்ந்த வண்டிகள் பல. உப்புச் சாலை இல்லாத தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. அங்கே சன்னி பிக்-அப்பின் வழிவந்த சிறு வண்டி, நிசான் பெயரில் 2008 வரை தயாரிக்கப்பட்டது.

இந்தியச் சாலைகளுக்கு டட்சன் பெயர் அப்போது வரவில்லை, எஞ்சின் வந்தது. 1985இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வெளியிட்ட 118என்.இ. காரின் உடல், பழைய ஃபியட் 124 வடிவம். அதற்குள் இருந்தது டட்சன் சன்னியின் ஏ12 எஞ்சின். பெயரில் உள்ள ‘என்.இ.’ நிசான் எஞ்சினைக் குறித்தது. அதே நிறுவனத்தின் பத்மினி காரை ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் அமைதியும் இழுவையும் புதிய அனுபவமாக இருந்தன.

இப்படி உலகமே அறிந்த பெயரை 1981இல் நிசான் கைவிட முடிவெடுத்தது. எல்லா நாட்டிலும் ஒரே பெயரில் விற்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஏற்றுமதி தொடங்கிய காலத்தில், தோற்றால் தாய் நிறுவனத்தின் பெயர் கெடாதிருக்கட்டும் என்றே டட்சன் பெயரை முன்னால் நிறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு. வென்றபோது புகழும் தாய் நிறுவனத்துக்குச் சேரவில்லை. அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,100 விற்பனையகங்களின் பெயர்ப்பலகைகளை மாற்ற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் விளம்பரம் செய்த பின்னும் வாடிக்கையாளர் பலர் பழைய பெயரையே சொன்னார்கள். 1986க்குள் டட்சன் மறைந்துவிட்டது. ஒரு நிறுவனம் தன் கையாலேயே இவ்வளவு நன்மதிப்பை அழித்துக்கொண்டதற்கு வாகன வரலாற்றில் இணை காண்பது அரிது.

நிசானின் தலைவராக இருந்த கார்லோஸ் கோன் 2012 மார்ச்சில் ஜகார்த்தாவில் அந்தப் பெயரை மீட்டார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா ஆகிய நாடுகளில் முதல்முறையாகக் கார் வாங்குவோருக்கான பெயர் என்றார். ரஷ்யாவில் விற்ற ஆன்-டோவும் மி-டோவும் அடிப்படையில் லாடா கார்கள். முதல் கார் மட்டும் தமிழ்நாட்டில் பிறந்தது. 2010இல் திறக்கப்பட்ட ஒரகடத்து ரெனோ–நிசான் தொழிற்சாலையில், மைக்ராவின் அடித்தளத்தையும் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினையும் கொண்டு ‘கோ’ தயாரானது. 2014 மார்ச்சில் 3.12 லட்சம் ரூபாயில் விற்பனை தொடங்கியது. நான்கு மீட்டருக்குள் மூன்றாம் வரிசை இருக்கையைப் புகுத்திய ‘கோ பிளஸ்’ 2015இல் வந்தது.

கோ காரை வாங்கியவர்கள் மெச்சியவை கணிசம். மாருதி ஆல்ட்டோவின் விலையை ஒட்டி, அதைவிடப் பெரிய கார், பின்னிருக்கையில் முழங்கால் இடிக்காது, எஞ்சினில் நல்ல பிக்-அப், ஸ்டியரிங் இலகு. சென்னை வெயிலில் ஏசி சீக்கிரம் குளிர்விக்கும் என்பதும் அடிக்கடி சொல்லப்பட்டது. எடை குறைவு என்பதால் மைலேஜிலும் பெரிய புகார் இல்லை. ஆனால் கதவைச் சாத்தும்போது எழும் தகர ஓசையிலிருந்து மறுபக்கம் தொடங்கியது. நின்றிருக்கும்போது மூன்று சிலிண்டர் அதிர்வு உள்ளே தெரிந்தது. முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். ஹேண்ட் பிரேக் டாஷ்போர்டின் அடியில் இழுக்கும் கைப்பிடி. பின்கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். மியூசிக் சிஸ்டத்துக்குப் பதில் செல்போனைப் பொருத்தும் தாங்கி. ஏபிஎஸ்ஸும் ஏர்பேகும் இல்லை. 120ஒய்யில் மற்றவர்கள் தனியாக விற்றதைச் சேர்த்துக் கொடுத்த பெயர், இப்போது மற்றவர்கள் சேர்த்துக் கொடுத்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி விலையைக் குறைத்தது. இந்தக் கழித்தல், காரைக் காட்டும் முதல் ஐந்து நிமிடங்களிலேயே வாங்க வந்த குடும்பத்தின் கண்ணில் பட்டது. முதல் காரை வீட்டு வாசலில் நிறுத்தும் குடும்பத்துக்கு அது கௌரவமும்கூட என்பதை டட்சன் கணக்கில் எடுக்கவில்லை.

கண்ணில் படாத கழித்தல் இன்னும் பெரியது. 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் கோ ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அந்த ஆண்டு இந்தியாவின் வேறு பல சிறு கார்களும் இதே முடிவைப் பெற்றிருந்தன. ஆனால் கோவின் உடற்கூடு நொறுங்கிய விதத்தைப் பார்த்தால் ஏர்பேக் வைத்தும் பயனில்லை என்றார்கள் சோதித்தவர்கள். அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, காரைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி கோனுக்குக் கடிதம் எழுதினார். விற்பனை நிறுத்தப்படவில்லை, பெயர் கெட்டது. 2018இல் இரண்டு ஏர்பேகும் ஏபிஎஸ்ஸும் பெற்று வந்த கோ, முதலில் வந்ததைவிட எவ்வளவோ நல்ல கார். அதற்குள் வாங்குவோர் மனம் முடிவாகியிருந்தது.

2016இல் 2.38 லட்சத்துக்கு வந்த ‘ரெடி-கோ’, ரெனோ க்விட்டோடு அடித்தளத்தையும் 800 சிசி எஞ்சினையும் பகிர்ந்துகொண்டது. உயர்ந்த நிற்பு, 185 மில்லிமீட்டர் தரை இடைவெளி, சந்துகளில் சட்டென்று திரும்பும் எளிமை ஆகியவற்றால் நகரத்துக்கு ஏற்ற வண்டி என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்வது நியாயமே. வேகமெடுத்தால் எஞ்சின் சத்தமும், நெடுஞ்சாலையில் பக்கக்காற்றில் அலைவதும் குறைகள். 2019இல் அது ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. அதே தொழிற்சாலையில் தயாரான க்விட், சிறு எஸ்யூவி போன்ற தோற்றத்தால் விற்பனையில் ரெடி-கோவை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. ஒரே கூரையின்கீழ், ஒரே எஞ்சினோடு பிறந்த இரண்டில் மக்கள் தேர்ந்தது எது என்பது, விலை மட்டுமே காரை விற்றுத் தராது என்பதற்குத் தெளிவான சான்று.

2020இல் ரஷ்யாவிலும் இந்தோனேசியாவிலும் தயாரிப்பு நின்றது. இந்தியாவில் 2022 ஏப்ரலில் ரெடி-கோவின் தயாரிப்பு முடிந்ததாக நிசான் அறிவித்து, சர்வீசும் உதிரிபாகமும் தன் மையங்களில் தொடரும் என்று உறுதி கூறியது. இப்போது ஓடும் கோக்களின் எஞ்சின் வேலை மைக்ரா தெரிந்த மெக்கானிக்குக்கும், ரெடி-கோவினுடையது க்விட் தெரிந்தவருக்கும் பழக்கமானதே. பம்பர், விளக்கு, கதவுத் தகரம் போன்றவை மட்டும் இந்தக் கார்களுக்கே உரியவை. பழைய கார்ச் சந்தையில் அவற்றின் விலை சரிந்திருப்பதால், குறைந்த பணத்தில் ஏசியோடு ஒரு கார் தேடுவோரின் கைக்கு அவை இன்று போய்ச் சேர்கின்றன.