தவறணையின் உட்புறம்

இலண்டன் ஹோல்போர்னில் ‘பிரின்சஸ் லூயிஸ்’ என்றொரு மதுச்சாலை உண்டு. 1872 இல் தொடங்கப்பட்டு, 1891 இல் அதன் புகழ்பெற்ற உள்ளலங்காரத்தைப் பெற்றது. வண்ண ஓடுகள், பூவேலைக் கண்ணாடிகள், நடுவே விற்பனை மேடை, அதைச் சுற்றிச் சிறுசிறு அறைகள். இடையில் அகற்றப்பட்ட தடுப்புகளை 2008 ஆம் ஆண்டளவில் பழைய முறைப்படியே மீண்டும் அமைத்தார்கள். என்னை அழைத்துச் சென்ற நண்பர் ஓடுகளைக் காட்டினார். என் பார்வையோ தடுப்புகளிலேயே நின்றது.

‘பப்’ என்பது ‘பொது இல்லம்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஆனால், விக்டோரியா காலத்தில் அந்தப் பொது இல்லத்துக்குள் கூலியாளுக்கு ஓர் அறை, கனவானுக்கு வேறோர் அறை. கனவான் பக்கத்தில் அதே பியருக்கு விலையும் சற்றுக் கூட.

வன்னியில் நாம் சொல்லும் ‘தவறணை’யும் அந்நிய உறவுள்ள சொல்தான். போர்த்துக்கேயரின் ‘தவேர்னா’, ஆங்கிலேயரின் ‘டவேர்ன்’ இரண்டுக்கும் மூலம் இலத்தீனின் ‘தபெர்னா’. குடிலையும் கடையையும் குறித்த சொல் அது. கள்ளுக்கொட்டில் என்று நம்மவர் சொன்னதும் அதே பொருளில்தான்.

எண்பதுகளில் புதுக்குடியிருப்புப் பக்கம் நான் கண்ட கொட்டில்களில் கண்ணாடி ஏது? கிடுகுக் கூரை, மணல் தரை, பனங்குற்றி இருக்கை, மூலையில் நுரை ததும்பும் முட்டிகள். பனையோலையில் மடித்த பிளாவில் கள்ளை வார்ப்பார்கள். குடித்து முடிந்ததும் பிளாவை எறிந்துவிடலாம். தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குப் போத்திலிலும் பேணியிலும் தேநீர் கொடுத்த காலமொன்று வடக்கில் இருந்தது. அறுபதுகளில் அதற்கெதிராகப் போராட்டம் வெடித்தது. கொட்டிலில் பிளா எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் குற்றியில் அமர்ந்தவர் யார், வெளியே மணலில் குந்தியிருந்தவர் யார் என்று ஊருக்குத் தெரியும். அங்கே தடுப்பு பலகையால் ஆனதல்ல.

பிரித்தானியர் காலத்தில் கள் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. மரமேறியவனின் உழைப்பில் குத்தகைக்காரன் செழித்தான். 1972 இல் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள், சீவல் தொழிலாளர் தம் கள்ளைத் தாமே விற்க வழிசெய்தன. வன்னித் தவறணையின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுவே.

2009 இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, நான் கண்ட கொட்டில்களில் ஒன்றும் எஞ்சவில்லை. ஓலையும் தடியும் பாதுகாக்கப்படும் சின்னங்களல்ல; இலண்டனைப்போல அவற்றை மீளக் கட்டவும் வேண்டியதில்லை. ஆனால், தளைநார் கட்டி மரமேறிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொட்டிலுக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அவர்களும் போய்விட்டால் ‘தவறணை’ என்ற சொல் மட்டுமே மிஞ்சும்.