தொடக்ககால மருத்துவ நூல்களில் மரச்செதுக்குப் படங்கள்

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம், மருத்துவ நூலில் படம் என்றால் பெரும்பாலும் மரச்செதுக்குப் படம்தான். பேரி போன்ற இழை நெருங்கிய மரப்பலகையில் ஓவியர் வரைந்த கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடங்களைச் செதுக்கி எடுப்பார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை ஏறும். இப்படங்களைப் போற்றுவோர் அவற்றின் அழகையும் உடலை உள்ளபடி காட்டும் திறனையும்தான் வழக்கமாகச் சொல்வர். மருத்துவத்துக்கு அவை செய்த பெரிய உதவி வேறு. அச்சுக்கட்டையும் ஈய எழுத்தும் ஒரே உயரம். இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிடலாம். அதனால் சொல்லும் உறுப்பும் ஒரே பக்கத்தில் பிணைந்தன. கையால் படியெடுத்த காலத்தில் படிக்குப் படி சிதைந்துபோன அந்தப் பிணைப்பு, அச்சில் எல்லாப் படிகளிலும் மாறாமல் நின்றது.

இதை மறுப்பவர், 1491இல் வெனிசில் கிரிகோரி சகோதரர்கள் அச்சிட்ட ‘ஃபாசிகுலஸ் மெடிசினே’யைக் காட்டலாம். அதில் வரும் காயமனிதன் உடலெங்கும் ஆயுதங்கள் தைத்தபடி சலனமின்றி நிற்கிறான். உடற்கூறு கற்க அவனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அவன் உடற்கூறு கற்பிக்க வந்தவன் அல்லன். எந்தக் காயத்துக்கு எந்தக் குறிப்பு என்று காட்டுவதே அவன் வேலை. குருதி வடிக்கும் இடங்களைச் சொல்லும் படத்திலும் சுற்றிலுமுள்ள குறிப்புகளிலிருந்து அந்தந்த நாளத்துக்குக் கோடுகள் ஓடுகின்றன. படம் முரடுதான், பிணைப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்தப் பிணைப்பு முதிர்ந்தது 1543இல், பாசல் நகரில் ஒபோரினஸ் அச்சிட்ட, உடற்கூற்றியலாளர் வெசாலியஸின் ‘ஃபாப்ரிகா’ என்னும் நூலில். கட்டைகள் வெனிசிலிருந்து, சோதனைப் படிகளோடு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்தன. தசைகளின் மேல் பொடி எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கும். நிழற்கோடுகளுக்கு நடுவே அவற்றைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் விளக்கம் உண்டு. உரையின் ஓரக்குறிப்பு வாசகரை மறுபடி படத்துக்கு அனுப்பும். பிணத்தை அறுத்துத் தொட்டுக் கற்க வேண்டியதைப் படத்தில் கற்பதா என்று வெசாலியஸின் பாரிஸ் ஆசிரியர் சில்வியஸ் போன்றோர் எதிர்த்தனர். எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஐந்தாம் தசைப்படத்தில் வயிற்றின் நேர்த்தசை மார்பின் மேல்வரை ஏறிச் செல்கிறது. மனித உடலில் அப்படி இல்லை. பண்டைய மருத்துவர் கேலன் விலங்குகளில் கண்டு எழுதியதை விளக்கவே அதைச் சேர்த்ததாக வெசாலியஸ் சொல்லிவிடுகிறார். படத்தோடு நின்றவர் ஏமாறுவார். எழுத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கத்துக்குப் போனவர் ஏமாறமாட்டார்.

செப்புத் தகட்டில் கோடு இன்னும் நுண்மையாக விழும் என்பது உண்மை. 1545இல் லண்டனில் ஜெமினஸ் இதே படங்களைச் செம்பில் படியெடுத்தார். ஆனால் செம்பில் மை தங்குவது பள்ளத்தில். அதற்கு உருளை அச்சு தனியாக வேண்டும். எனவே படம் உரையைப் பிரிந்து தனித்தாளுக்குப் போயிற்று. தகடு சீக்கிரம் தேயவும் செய்யும். மாறாக, வெசாலியஸின் கட்டைகளில் எஞ்சியவற்றைக் கொண்டு 1934இல்கூட மியூனிக்கில் அச்சிட முடிந்தது. இருந்தும் நுண்மையை நாடி மருத்துவ நூல்கள் மெல்லமெல்லச் செம்பின் பக்கம் சாய்ந்தன. உறுப்பின் மேல் எழுத்திட்டு விளக்கும் முறையை மட்டும் மரத்திடமிருந்து எடுத்துக்கொண்டன.