பாய்மரம் நிறுத்துதல்: கட்டுமரம் முதல் கேட்டமரான் வரை

சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரத்து வேணுகோபால சுவாமி கோயிலில் ஆண்டுதோறும் தெப்போற்சவம் நடைபெறுகிறது. குளத்தில் மிதக்கும் அத்தெப்பத்துக்குப் பாய்மரம் தேவையில்லை. ஆனால் ‘தெப்ப’ என்ற அதே சொல் ஆந்திரக் கடற்கரையில் மீனவரின் கட்டுமரத்தையும் குறிக்கிறது. கார்வேட்டிநகரம் வட்டாரத்துக் கிருஷ்ணாபுரம் அணையின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றின் வழியே பூண்டியை அடைந்து எண்ணூரில் கடலில் கலக்கிறது. அவ்வாற்றின் ஒரு முனையில் கோயில் தெப்பம், மறுமுனையில் காற்றை நம்பிய கடல் தெப்பம். இரண்டையும் வேறுபடுத்துவது பாய்மரம்.

கலவியல் ஆய்வுகள் பெரும்பாலும் கலத்தின் உடலையே அளந்தன. இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல், மரங்களின் எண்ணிக்கையையும் அவை பிணைக்கப்படும் முறையையும் கொண்டு கட்டுமரங்களை வகைப்படுத்தினார். பாய்மரத்தை நிறுத்துவதும் இறக்குவதுமான அன்றாட உழைப்புக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. உயிரைக் காப்பதும் பறிப்பதும் பல வேளைகளில் அந்த உழைப்பே.

சங்க இலக்கியம் பாய்மரத்தைக் ‘கூம்பு’ என்கிறது. கூம்பையும் பாயையும் களையாமலே பெருங்கலங்கள் புகாருக்குள் புகுந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாடல் சிறப்பித்துக் கூறுகிறது. களையாமல் புகுவது சிறப்பென்றால், களைந்து புகுவதே பிற இடங்களில் வழக்கமாக இருந்திருக்க வேண்டும். கடுங்காற்றில் கயிறறுந்து கூம்பு அடியோடு முறியும் கலத்தை மதுரைக்காஞ்சி உவமையாக்குகிறது. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகள் சிலவற்றில் இரு பாய்மரக் கலம் பொறிக்கப்பட்டுள்ளது. இவையெல்லாம் பெருங்கலங்களைப் பற்றிய சான்றுகள்.

கட்டுமரத்தின் நிலை வேறு. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைப் பிரித்து உலர்த்துவது அதன் மரபு. நாள்தோறும் பிரிக்கப்படும் கலத்தில் நிலையான பாய்மரத்துக்கு இடமில்லை. கரையோர அலைகளைத் துடுப்பால் கடந்த பின்னரே பாய் விரிக்கப்படும். ஆகவே அதன் மரம், ஆடும் கலத்தின்மேல் ஓரிருவர் தூக்கி நிறுத்தக்கூடிய எடையிலேயே அமைந்தாக வேண்டும். உயரத்தைக் குறைத்து, பருமலைச் சாய்த்துக் கட்டி, முக்கோணப் பாயால் காற்றைப் பிடிப்பது அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பொருந்திய தீர்வு. மரத்தை எளிதில் இறக்க முடிவதே அங்கே பாதுகாப்பு.

சோழமண்டலக் கரையின் இந்தக் கலத்தை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் குறிப்பிட்டார். ஆங்கிலத்துக்குள் சென்ற ‘கேட்டமரான்’ என்ற சொல், 19ஆம் நூற்றாண்டில் இரட்டை உடல் படகுக்குப் பெயராயிற்று. நதானியேல் ஹெரெஷாஃபின் ‘அமரில்லிஸ்’ 1876இல் நியூயார்க் போட்டியில் ஒற்றை உடல் படகுகளை முந்தியது. மறு ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். 1968இல் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் கடற்கரையிலிருந்தே இறக்கக்கூடிய ‘ஹோபி 14’ஐ அறிமுகப்படுத்தினார். அதைத் தொடர்ந்து வந்த ‘ஹோபி 16’ ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுடையது. அதன் அலுமினியப் பாய்மரமோ எட்டு மீட்டர். பெயர் தமிழ்க் கரையிலிருந்து சென்றது. கலத்தின் நீளத்தை மிஞ்சாத, கடலிலேயே இறக்கக்கூடிய மரம் என்ற கருத்து உடன் செல்லவில்லை.

அதனால் பாய்மரம் நிறுத்துவது தரைக்குரிய வேலையாயிற்று. ஆபத்தும் தரைக்கு வந்தது. பின்புறம் கிடக்கும் மரத்தின் அடியை முதலில் கீலில் ஊசியிட்டுப் பூட்ட வேண்டும். இரு பக்கக் கம்பிகளும் உடலோடு இணைந்துள்ளனவா எனப் பார்த்த பின்னரே ஒருவர் பின்னாலிருந்து தூக்கியபடி முன்னேறுவார். மற்றொருவர் முன்னாலிருந்து கயிற்றை இழுப்பார். தொடக்கத்தில் கயிறு ஏறக்குறைய மரத்தின் போக்கிலேயே செல்வதால் இழுவிசையின் பெரும்பகுதி மரத்தை அடியை நோக்கி அழுத்துமேயன்றி உயர்த்தாது; அதனாலேயே தூக்குபவர் இன்றியமையாதவர். பாதி உயரத்தில் பக்கக் கம்பிகள் தளர்ந்தே இருக்கும். அப்போது மரம் பக்கவாட்டில் சரிந்தால் கீல் முறியும். முன்கம்பி பூட்டப்படும்வரை மரம் பின்னோக்கி விழக்கூடும். விழும் கோட்டில் எவரும் நிற்கலாகாது.

இவை அனைத்துக்கும் முன்னர் அண்ணாந்து பார்க்க வேண்டும். அலுமினிய மரம் மின்கம்பியைத் தொட்டதால் உயிர்கள் போயின. அதன் பின்னர் 1980களில் ஹோபி நிறுவனம் பாய்மரத்தின் உச்சிப் பகுதியை மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழையால் அமைத்தது. வழக்குகளும் மரணங்களும் கற்பித்த பாடம் அது.

கட்டுமரத்தின் பாடமும் இன்று மறைந்துகொண்டிருக்கிறது. வெளிப்பொறி இயந்திரமும் கண்ணாடியிழைப் படகும் பரவின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அம்மாற்றம் விரைவுற்றது. பாய் விரித்த கடைசித் தலைமுறையினர் முதுமையில் உள்ளனர். அருங்காட்சியகம் கட்டுமரத்தின் உடலைக் காப்பாற்றக்கூடும். ஆடும் மரங்களின்மேல் கால் எங்கே ஊன்றுவது, யார் தூக்குவது, யார் கயிறு பிடிப்பது, எந்தக் காற்றில் நிறுத்தாமல் விடுவது என்பன உடலளவில் கடத்தப்பட்ட அறிவு. பாய்மரத்தை நிறுத்தியவர்களின் வாய்மொழி பதிவாகாத வரை, தமிழ்க் கலவரலாறு பாய்மரமில்லாத தெப்பமாகவே மிதந்துகொண்டிருக்கும்.